வீராவுக்கு எதற்கு இரவல் சிறகு?

புரோட்டோன் நிறுவனம் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட வீரா கார், இன்று முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. 2009-இல் அதன் உற்பத்தியும் முடிவுக்கு வந்தது. ஆயினும் ஜொகூர் மாநிலத்துச் சாலைகளில் அதன் நடமாட்டம் இன்னும் ஓயவில்லை. மாசாய், ஸ்கூடாய், கூலாய் வட்டாரங்களில், தந்தை ஓட்டிய வீராவை மகன் துடைத்து மெருகேற்றி, விடுமுறைக் காலையில் வெளியே எடுத்துச் செல்வதைக் காணலாம். பழைய பொருளைப் பேணும் அப்பண்பு பாராட்டத் தக்கதே. ஆனால் அந்த மகன் காரின் பின்புறத்தில் ஏற்றிவைத்திருக்கும் பொருளைக் கண்டவுடன், பாராட்ட எழுந்த கை பாதியிலேயே நின்றுவிடுகின்றது.

சில வகை வீரா கார்களுக்குத் தொழிற்சாலையே பின்பெட்டி மூடியின்மீது தாழ்வான ஸ்பாய்லர் ஒன்றைப் பொருத்தி அனுப்பியது. முப்பது ஆண்டு வெயிலிலும் மழையிலும் அது வெளிறும், விளிம்பில் வெடிக்கும், வாகன நிறுத்துமிடத்தில் யாரோ இடித்து உடைத்தும் போவர். மாற்று வேண்டித் தம்போயிலோ தெப்ராவிலோ உள்ள கடைக்குச் செல்லும் இளைஞர்முன் மூவகைப் பொருள்கள் வைக்கப்படுகின்றன. முதலாவது, உடைத்துப் பிரித்த வேறொரு வீராவிலிருந்து கழற்றிய பழைய ஸ்பாய்லர். தூசி படிந்து மூலையில் கிடக்கும். இரண்டாவது, அதன் அச்சில் கண்ணாடி இழையால் வார்த்த நகல். மூன்றாவது, மிட்சுபிஷி லான்சர் ஈவோலூஷன் காரின் சாயலில் இரு கால்களின்மேல் உயர்ந்து நிற்கும் சிறகு. கடைவாசலில் வெளிச்சம் படும்படி தொங்கவிடப்பட்டிருப்பது அந்த மூன்றாவதுதான். பத்தில் எட்டுப்பேர் கை அதன்மீதே படுகின்றது. அத்தேர்வு தவறு. சுவை வேறுபாடு என்று சொல்லித் தள்ளிவிடக்கூடிய சிறு தவறும் அன்று அது.

இதைக் கேட்டவுடன், தமிழாசிரியர் அறையிலிருந்து ஒரு குரல் எழக்கூடும். காரின் வாலில் என்ன ஒட்டினால் என்ன, இலக்கியத் தொகுப்பில் இடம்பெறத் தக்க பொருளா இது என்பது அக்குரல். அந்தக் குரலுக்கே முதலில் மறுமொழி கூற வேண்டியுள்ளது. கார்மீது காதல் கொண்ட மாணவனைக் ‘கார்ப் பைத்தியம்’ என்று ஒதுக்கிவைப்பது பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். தமிழ்ப்பள்ளியிலேயே வேகத்தையும் விசையையும் படித்து வெளியேறியவன், நான்கு ஆண்டு கழித்து அவற்றையெல்லாம் மறந்து, கடைக்காரன் சொல்வதை வேதவாக்காகக் கொள்கின்றான் என்றால் குறை அவனிடம் மட்டுமா உள்ளது? அவன் உள்ளம் எங்கே கிடந்ததோ அங்கே சென்று பாடம் நடத்த ஒருவரும் முன்வரவில்லை என்பதே உண்மை. நீராவிப் பொறியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர், வாசலில் நிற்கும் வீராவைப் பற்றி ஒரு வினாவும் கேட்பதில்லை.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஸ்பாய்லர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் ‘கெடுப்பவன்’ என்றுதான் பொருள் கிடைக்கும். எதைக் கெடுக்கின்றது அது? விமானம் தரையைத் தொட்டவுடன் அதன் இறக்கையின் மேற்புறத்தில் சில தகடுகள் எழுந்து நிற்பதை, சன்னலோரம் அமர்ந்தவர்கள் கண்டிருப்பர். இறக்கைக்குக் கிடைத்துவந்த தூக்கு விசையை அவை கெடுத்துவிடுகின்றன. காரிலும் அதே வேலைதான். கூரையின்மீது ஓடிவரும் காற்று பின்கண்ணாடிச் சரிவில் வளைந்து இறங்கும்போது அங்கே அழுத்தம் குறைகின்றது. காரின் பின்பகுதி சற்றே தூக்கப்படுகின்றது. மூடியின் விளிம்பில் ஒரு தடுப்பு இருந்தால், அதன் முன்னே காற்று சற்றுத் தேங்கி மூடியின்மேல் அழுத்தம் கூடும், தூக்கு குறையும். ஆகவே ஸ்பாய்லர், உடலோடு ஒட்டி நின்று தூக்கைக் கெடுப்பது. சிறகோ, மேலும் கீழும் காற்று ஓட இடம்விட்டு உயர்ந்து நின்று, தானே கீழ்நோக்கி அழுத்துவது. இரண்டும் ஒன்றல்ல. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லி விற்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகின்றது. (நல்ல தமிழ்ச் சொல் ஒன்று வேண்டும் என்போர் ‘தூக்குக்கெடுப்பி’ என்று ஆக்கிப் பார்க்கலாம். ‘தூக்கம் கெடுப்பி’ என்று மாணவர்கள் திரித்துச் சிரிப்பர் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும்.)

இப்பொருள் வெறும் அணிகலனாகப் பிறக்கவில்லை. 1972-இல் போர்ஷ் நிறுவனம் 911 கரெரா ஆர்.எஸ். காரைப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தபோது, அதன் பின்மூடியில் வாத்தின் வால்போல் நிமிர்ந்த ஒரு விளிம்பு இருந்தது. அதிவேகத்தில் பின்சக்கரங்கள் தரைப்பிடிப்பை இழப்பதைக் குறைக்கவே பொறியாளர்கள் அதனை அமைத்தனர். அளவு சிறியது, ஆனால் காற்றுச் சோதனையில் பிறந்தது. மாறாக, ஆவுடி நிறுவனம் தொண்ணூறுகளின் இறுதியில் டி.டி. என்னும் காரை வழவழப்பான பின்புறத்தோடு, ஸ்பாய்லர் ஏதுமின்றி விற்பனைக்கு விட்டது. அதிவேகச் சாலைகளில் விபத்துகள் நேர்ந்த பின்னர், விற்ற கார்களையே திரும்ப அழைத்து, பின்புறத்தில் சிறு ஸ்பாய்லரும் வேறு சில மாற்றங்களும் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு சாண் உயரமும் இல்லாத பொருள், ஒரு பெரிய நிறுவனத்தைத் தன் முடிவை மாற்றிக்கொள்ள வைத்தது. இத்துணை முக்கியமான உறுப்பைத் தேர்ந்தெடுக்கக் கடைவாசலின் வெளிச்சமா வழிகாட்டுவது?

உயர்ந்த சிறகை விரும்புவோர் கூறும் முதல் வாதம் உறவுமுறை வாதம். வீராவும் ஈவோலூஷனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே அண்ணன் சட்டை தம்பிக்குப் பொருந்தும் என்பர். உறவு உண்மைதான். 1991-இல் வந்த லான்சர் காரை அடிப்படையாகக் கொண்டே வீரா உருவாயிற்று. ஈவோலூஷனின் முதல் மூன்று வகைகளும் அதே லான்சரிலிருந்து வளர்ந்தவையே. 1995-இல் வந்த மூன்றாம் வகையின் பெரிய சிறகுதான் இன்று கடைகளில் நகலெடுக்கப்படுவது. 1996-இல் தொம்மி மாக்கினென் அக்காரில் உலக ரேலிப் பட்டம் வென்றார். அந்தப் புகழின் நிழல் மலேசியாவின் வீராக்கள்மீதும் விழுந்தது.

ஆனால் அண்ணன் யார், தம்பி யார்? ஈவோலூஷனின் மூன்றாம் வகை, டர்போ பொருத்திய 2 லிட்டர் பொறியும் 270 குதிரைத்திறனும் கொண்டு, நான்கு சக்கரங்களாலும் உந்தப்படுவது. ஜொகூரில் ஓடும் வீராக்களில் பெரும்பாலானவை 1.3 அல்லது 1.5 லிட்டர் பொறி கொண்ட குடும்பக் கார்கள். முன்சக்கரங்களே அவற்றை இழுக்கின்றன. முன்சக்கரங்களே திருப்பவும் செய்கின்றன. பின்சக்கர அச்சுக்கும் பின்னால் ஒரு பாரத்தை அழுத்தினால், ஏற்றப்பலகையின் ஒரு முனையை மிதித்ததுபோல் மறுமுனை எழும்பும். அதாவது சிறகு வேலை செய்யாவிட்டால் வீண். வேலை செய்துவிட்டாலோ, இழுக்கவும் திருப்பவும் வேண்டிய முன்சக்கரங்களின் பிடிப்பையே அது சிறிது குறைக்கின்றது. தம்பியின் தோளுக்கு அண்ணன் சட்டை தளர்வதோடு நில்லாமல் காலையும் தடுக்குகின்றது.

வேலை செய்கின்றதா என்பதையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் முடியும் கணக்கு இது. சிறகின் நீளம் 1.2 மீட்டர், அகலம் 12.5 சென்டிமீட்டர் எனக் கொண்டால் பரப்பு 0.15 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். அழுத்தக் கெழுவை 0.5 என வைத்துக்கொள்ளலாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். அஃதாவது வினாடிக்கு ஏறத்தாழ 30.6 மீட்டர். அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியாலும் பரப்பாலும் கெழுவாலும் பெருக்கினால் 42 நியூட்டன் வருகின்றது. நான்கு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எடை அது! தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலர் நாள்தோறும் முதுகில் சுமக்கும் புத்தகப் பையே அதற்குக் கூடுதலாக இருக்கும். விசை வேகத்தின் இருமடிக்கேற்ப மாறுவதால், மணிக்கு 55 கிலோமீட்டரில் நகருக்குள் போகும்போது அது கால்பங்காகி ஒரு கிலோகிராமாகச் சுருங்கிவிடும். கண்ணாடி இழையால் தடித்து வார்த்த சிறகின் சொந்த எடையே அதைவிட மிகுதி. மணிக்கு 220 கிலோமீட்டரில் ஓட்டினால் நான்கு மடங்காகும் என்று எவரேனும் சொல்வராயின், அவருக்கு மறுமொழி கூற வேண்டியது கட்டுரையன்று, காவல்துறை.

பாசிர் கூடாங்கில் 1986-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்தை ஜொகூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1998-இல் மலேசிய மோட்டார்சைக்கிள் கிராண்ட் பிரீ அங்குதான் நடந்தது. அத்தகைய தடத்தில் ஓடும் காருக்குச் சிறகு தேவை என்றால், கோணத்தை அளந்து, முன்புறத்திலும் அதற்கு ஈடுசெய்து பொருத்துவர். அங்கே சிறகுக்கு நியாயம் உண்டு. 2002-இல் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெயர் தாங்கிய ரேலிக் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலகப் பட்டத்தை வென்றார். அது மலேசியர் அனைவருக்கும் பெருமை. ஆனால் அவருடைய வெற்றியைப் பின்பெட்டி மூடியில் ஆணி அடித்து இரவல் வாங்க முடியாது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான் அது.

‘வேகத்திற்காக அன்று; அழகுக்காகவே’ என்பது இரண்டாம் வாதம். முதல் வாதத்தைவிட இது நேர்மையானது. ஆகவே மதிப்போடு எதிர்கொள்ள வேண்டியது. காருக்கு உரியவருக்குத் தம் கண்ணுக்கு இனியதைச் செய்யும் உரிமை உண்டு; மறுப்பாரில்லை. ஆனால் ‘கிளாசிக்’ என்ற பட்டத்தையும் சேர்த்துக் கேட்கும்போது நிலை மாறுகின்றது. பழமையால் பெருமை தேடும் பொருளுக்குப் பழமையே சான்று. 1985-இல் வெளிவந்த முதல் சாகா கார் கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்தில் வைக்கப்பட்டது. அதற்கு ஒரு சிறகை ஒட்டிவைத்தால் பார்ப்பவர் என்ன நினைப்பர்? பழங்கட்டடச் சீரமைப்புக்கென 1964-இல் எழுந்த வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தியது. பழைய வாகனங்களுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பும் அந்நெறியையே வாகனங்களுக்கென டூரின் சாசனமாக வகுத்துக்கொண்டது. கோயில் திருப்பணியில் பழங்கல்லைப் பெயர்த்துவிட்டுப் பளிங்கு ஒட்டுவோரைக் கண்டு மனம் கசிபவர்கள், அதே செயலைத் தம் வீட்டு வாசலில் செய்யும்போது அதற்கு ‘ஸ்டைல்’ என்று பெயரிடுவது எவ்வகையில் நியாயம்?

அழகு என்பது அளவைப் பற்றியதும் ஆகும். வீராவின் உடல், தாழ்ந்த முகப்பும் உருண்டு இறங்கும் கூரையும் கொண்டது. அதன் கோடு பின்விளக்குகளின்மேல் அமைதியாக முடிகின்றது. தாழ்வான ஸ்பாய்லர் அக்கோட்டிற்கு முற்றுப்புள்ளி வைக்கும். உயர்ந்த சிறகோ முடிந்த வாக்கியத்தின் தலையில் வியப்புக்குறி நட்டதைப் போன்றது. பெயரையும் எண்ணிப் பார்க்கலாம். வீரா, சத்திரியா, புத்ரா, ஈஸ்வரா என்று புரோட்டோன் வைத்த பெயர்களில் பல, மலாய் மொழி வடமொழியிலிருந்து ஏற்றவை. தமிழ்ச் செவிக்கும் பழகியவை. வீரன் என்று பெயர் பெற்றவனுக்கு வேற்றான் வேடம் எதற்கு?

மூன்றாவது வாதமே வலுவுடையது. ‘அசல் கிடைப்பதில்லை, கிடைப்பதை வாங்குகிறோம்’ என்பது அது. எனினும் தேடாமலே கிடைக்கவில்லை என்பவர் பலர். ஜொகூர் பாருவைச் சுற்றி, வெட்டிய கார்களையும் கழற்றிய பாகங்களையும் விற்கும் கடைகள் ஏராளம். முன்விளக்கு, கதவு, கண்ணாடி ஆகியவற்றைத் தேடிப் பல கடை ஏறி இறங்குபவர், ஸ்பாய்லருக்கு மட்டும் முதற்கடையிலேயே முடித்துக்கொள்வது ஏன்? தேடுபவர் காரின் வகையையும் ஆண்டையும் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். நாற்கதவுக் காருக்கும் பின்கதவு மேலெழும் ஏரோபேக் வகைக்கும் உரியவை ஒன்றுக்கொன்று பொருந்தா. தம் காரின் பழைய துளைகளின் இடைவெளியைத் தாளில் அச்செடுத்துக் கொண்டுபோனால் கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. நிறம் வெளிறியிருப்பது குறையன்று. தேய்த்துச் சாயம் பூசலாம். கால்கள் முறிந்திருப்பதும், உள்ளே பதித்த திருகுமரைகள் சுழல்வதுமே குறை.

அசல் உண்மையிலேயே கிட்டவில்லையெனில் நகல் வாங்கலாம். நகலிலும் நல்லது உண்டு. கண்ணாடி இழை நகலைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்த்தாலே செய்தவன் கைத்திறன் தெரிந்துவிடும். இழைப்பாய் நூல்நூலாக வெளியே நீட்டிக்கொண்டும், பிசின் ஓரிடத்தில் குளமாகவும் ஓரிடத்தில் வறண்டும் இருந்தால் வேண்டவே வேண்டா. ஆணி ஏறும் இடங்களில் உலோகத் தகடோ மரையோ பதிக்கப்பட்டிருக்க வேண்டும். சாயம் பூசுவதற்கு முன்பே மூடியின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இருமுனையும் படிந்து நடுவில் விரல் நுழையுமாயின், ஆணியை இறுக்கினால் படிந்துவிடும் என்று கடைக்காரர் கூறுவார். படியும்; ஆனால் அந்த இறுக்கத்திலேயே நாளடைவில் வெடிக்கும். ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை சற்று வளைந்துகொடுக்கும்; ஆதலின் விலை கூடினாலும் அவை மேல். ஜொகூர் பாருவின் தம்போயில் ஓரியண்டல் நிறுவனத்தின் ஆலையில் ஹோண்டா கார்கள் பூட்டப்பட்ட காலம் உண்டு. பாகமும் உடலும் மயிரிழை தப்பாமல் பொருந்த வேண்டும் என்பதைத் தொழிலாகவே செய்த ஊர் இது. இவ்வூரில் விரல் நுழையும் இடைவெளியை ‘பரவாயில்லை’ என்பது பொருந்தாப் பேச்சு.

பொருத்தும் முறையைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். கேடு மிகுதியும் விளைவது அங்கேதான். உயர்ந்த சிறகுக்குப் பழைய துளைகள் ஒத்துவருவதில்லை. மூடியில் புதிதாக நான்கோ ஆறோ துளைகள் இடுகின்றனர். துளையின் விளிம்பில் தகட்டின் பாதுகாப்புச் சாயம் பெயர்ந்துவிடும். ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை பொழியும் நாட்டில், அந்த வெற்றுத் தகட்டில் துரு ஏற எத்தனை மாதம் வேண்டும்? முத்திரைப் பசை காய்ந்து விலகியதும் நீர் பின்பெட்டிக்குள் இறங்கும். மாற்றுச் சக்கரம் வைக்கும் பள்ளத்தில் தேங்கும். மூடியைத் தூக்கிப் பிடிக்கும் விற்கம்பிகள் அம்மூடியின் எடைக்கென்றே அளந்தவை. மேலும் சில கிலோகிராம் ஏறினால் திறந்த மூடி நிற்காது, சாமான் எடுக்கும் தாயின் தலையில் இறங்கும். பின்னோக்குக் கண்ணாடியின் குறுக்கே சிறகின் தட்டு ஒரு கோடாக நின்று, பின்னால் வரும் மோட்டார்சைக்கிளை ஒரு கணம் மறைக்கும். அந்த ஒரு கணத்தில் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தேர்ந்த பொறியாளர்கள் பொருத்திய சிறகுகளே முறிந்த வரலாறும் உண்டு. 1969-ஆம் ஆண்டு பார்சலோனாவின் மொன்சுவிக் தடத்தில் நடந்த ஸ்பானியப் பந்தயத்தில், லோட்டஸ் அணியின் கிரகாம் ஹில், யோகென் ரிண்ட் இருவரின் கார்களிலும் உயரக் கால்களின்மேல் நின்ற சிறகுகள் அடுத்தடுத்து முறிந்தன. இருவரும் ஒரே இடத்தருகே மோதினர். அடுத்து வந்த மோனாக்கோ பந்தயத்திலேயே உயர்ந்த சிறகுகள் தடைசெய்யப்பட்டன. உலகின் முதன்மை அணிக்கே அக்கதி. இரட்டைப் பசைநாடாவில் சிறகை ஒட்டி நெடுஞ்சாலையில் ஏறும் காரின் பின்னே குடும்பத்தோடு வருபவர் யாராகவும் இருக்கலாம்.

இனி, மூவகைப் பொருளையும் விட்டுவிட்டு நான்காவதொன்றை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? உடைந்ததாகச் சொல்லிக் கழற்றி வீசும் அந்த ஸ்பாய்லர்தான் அது. ஏ.பி.எஸ். ஆயின் வெடிப்பைச் சூட்டால் இளக்கி இணைக்கலாம். கண்ணாடி இழையாயின் வெடிப்பின் இருபுறமும் சரிவாகத் தேய்த்து, உட்புறத்தில் புதிய இழைப்பாயை இரு படலமாகப் பதித்துப் பிசின் ஊட்டி, காய்ந்தபின் மேற்புறத்தை நிரப்பித் தேய்க்க வேண்டும். தூசி மூச்சில் ஏறாமல் முகமூடி அணிந்துகொள்வது கட்டாயம். பெரும்பாலும் இரண்டு சனிக்கிழமை வேலை. பள்ளிப் பட்டறையிலோ வீட்டுக் கொட்டகையிலோ, அருகில் நின்று ‘இந்த விளிம்பு ஏன் இப்படி நிமிர்ந்திருக்கின்றது?’ என்று கேட்க ஓர் ஆசிரியரும் இருந்துவிட்டால் நன்று. சாயம் உலர்ந்தபின் அதனை மூடியின்மேல் வைத்துப் பார்த்தால், புதிதாகத் துளையிட ஒன்றுமிராது. 1993-இல் இட்ட துளைகளே போதும்.